வேலிக்கு அந்தப் பக்கம் நம் நிலம்: அமெரிக்கப் பொது நிலத்தில் முதல் வேட்டைக்குப் போகிறவர்களுக்கு

ஊர்ப்பக்கம் ஒருவரைத் திட்ட வேண்டுமென்றால் 'புறம்போக்கு' என்போம். கேட்க ஆளில்லாத நிலம், யார் வேண்டுமானாலும் வளைத்துப் போடலாம் என்ற எண்ணம் அந்தச் சொல்லுக்குள் ஏறிவிட்டது. அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் இதற்கு நேர்மாறு. பெட்ரோல் பங்கில் வேலை பார்ப்பவரும் பள்ளி ஆசிரியரும் 'பப்ளிக் லேண்ட்' என்று சொல்லும்போது, பாட்டன் எழுதிவைத்த பட்டா நிலத்தைச் சொல்வதுபோலச் சொல்வார்கள். அதில் நியாயம் இருக்கிறது. ஒன்றிய அரசின் பெயரில் சுமார் 64 கோடி ஏக்கர் நிலம் உண்டு. நாட்டின் மொத்தப் பரப்பில் கால் பங்குக்கும் மேல். நெவாடாவில் 80 சதவீதம், யூட்டாவிலும் ஐடஹோவிலும் 60 சதவீதத்துக்கு மேல், கொலராடோவில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம். இதில் பெரும்பகுதிக்குள் வேட்டை உரிமம் வைத்திருக்கும் எவரும் யாருடைய அனுமதியும் இல்லாமல் போகலாம்.

போகலாம் என்பது சட்டம். போய்ச் சேர முடியுமா என்பது வேறு கேள்வி. நான் கொலராடோவுக்கு வேலைக்கு வந்த பிறகுதான் வேட்டை கற்றுக்கொண்டேன். துப்பாக்கியைப் பாதுகாப்பாகப் பிடிக்கவும் சுடவும் சில வார இறுதிகளில் பழகிவிட்டது. நிலத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளத்தான் வருடங்கள் ஆயின. ஆகவே இந்தக் கட்டுரையில் துப்பாக்கி பற்றிக் குறைவாகவும் வேலி, கதவு, வரைபடம், அரசியல் பற்றி அதிகமாகவும் இருக்கும்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வளர்ந்த நமக்கு வேட்டை என்றாலே குற்றம் என்றுதான் மனதில் பதிந்திருக்கிறது. இந்தியாவில் அது சரி. இங்கே ஏற்பாடு வேறு. காட்டு விலங்கு நிலத்தின் சொந்தக்காரருக்குச் சொந்தமில்லை. மக்களுக்குச் சொந்தம், மாநில அரசு அதன் அறங்காவலர். எத்தனை விலங்கு எடுக்கலாம் என்பதை மாநில வனவிலங்குத் துறை ஆண்டுதோறும் கணக்கிட்டு நிர்ணயிக்கிறது. அந்தத் துறைகளின் செலவில் பெரும்பகுதி உரிமக் கட்டணத்திலிருந்தும், 1937இல் வந்த பிட்மன்–ராபர்ட்சன் சட்டத்தின்படி துப்பாக்கி, தோட்டா, வில் அம்பு ஆகியவற்றின் மீது விதிக்கப்படும் வரியிலிருந்தும் வருகிறது.

முதல் படி: உங்கள் குடியேற்ற நிலையைப் பாருங்கள்

நம் ஆட்கள் பலர் தெரியாமல் தடுக்கி விழக்கூடிய இடம் இது. கிரீன் கார்டு இருந்தால் ஒன்றிய சட்டம் துப்பாக்கிக்குத் தடை போடுவதில்லை. எச்-1பி, எல்-1, எஃப்-1 போன்ற விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது ஒன்றிய சட்டப்படி பொதுவாகக் குற்றம். அதற்கு விதிவிலக்குகள் சில உண்டு. அமெரிக்க மாநிலம் ஒன்று வழங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமம் கையில் இருப்பது அவற்றில் ஒன்று. அதாவது முதலில் உரிமம், அப்புறம்தான் துப்பாக்கியைத் தொடுவது. நண்பருடைய துப்பாக்கியைச் சும்மா வாங்கிப் பார்ப்பதும் இதில் அடங்கும். மாநிலச் சட்டங்கள் இதற்கு மேல் நிபந்தனை போடலாம். கிரீன் கார்டுக்கு வரிசையில் நிற்பவர் இதில் சிறு தவறு செய்தாலும் விலை பெரிது. ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் அரை மணி நேரம் பேசிவிட்டு இறங்குங்கள். வில் அம்பு இந்தத் தடைக்குள் வராது. விசாவில் இருக்கும் பலருக்கு அதுவே நல்ல தொடக்கம்.

இரண்டாவது படி: வகுப்பு, உரிமம், டேக்

எல்லா மாநிலங்களிலும் 'ஹன்டர் எஜுகேஷன்' எனும் வேட்டைப் பயிற்சி வகுப்பு உண்டு. கொலராடோவில் 1949 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த எவரும் இதை முடித்தால்தான் உரிமம் கிடைக்கும். ஒரு மாநிலத்தில் வாங்கிய சான்றிதழ் மற்ற மாநிலங்களிலும் செல்லும். இணையத்தில் படிக்க முடிந்தாலும் நேரடி வகுப்புக்குப் போகச் சொல்வேன். பாடம் எடுக்கும் உள்ளூர் வேட்டைக்காரர்தான் பெரும்பாலும் உங்களுக்குக் கிடைக்கப்போகும் முதல் துணை.

எல்க் (பெரிய மான் இனம்), மியூல் டியர், பிராங்ஹார்ன் போன்ற பெரிய விலங்குகளுக்கு 'டேக்', அதாவது அந்த விலங்கை எடுப்பதற்கான அனுமதிச் சீட்டு, தனி. பல பகுதிகளில் அது குலுக்கலில்தான் கிடைக்கும். வயோமிங்கில் வெளிமாநிலத்தவருக்கான எல்க் விண்ணப்பம் பிப்ரவரி தொடக்கத்திலேயே முடிந்துவிடும். கொலராடோவில் ஏப்ரல் தொடக்கம். இலையுதிர் காலத்தில் ஆசை வந்து விசாரித்தால் அந்த வருடம் போய்விட்டது என்று பொருள். உள்ளூர்வாசிக்கும் வெளியாருக்கும் கட்டணத்தில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இருக்கும். ஆகவே நீங்கள் குடியிருக்கும் மாநிலத்திலேயே தொடங்குங்கள்.

முதல் வருடம் எல்க் பக்கம் போகாதீர்கள். முயல், அணில், மலையில் கிரவுஸ் கோழி இவை போதும். உரிமம் கடையிலேயே கிடைக்கும், குலுக்கல் கிடையாது. ஒரு கிரவுஸுக்காக தேசிய வனத்தில் பத்து மைல் நடந்தவருக்கு அந்த மலை பழகியிருக்கும், அடுத்த வருட எல்க் எங்கே படுக்கிறது என்பதும் பாதி தெரிந்திருக்கும்.

மூன்றாவது படி: வரைபடத்தின் நிறங்களைப் படியுங்கள்

வழக்கமான நில உரிமை வரைபடங்களில் மஞ்சள் என்றால் நில மேலாண்மைப் பணியகம், அதாவது எல்லோரும் பி.எல்.எம். என்று சொல்வது. சுமார் 24.5 கோடி ஏக்கர். வறண்ட புதர்க்காடும் பீடபூமியும் அதிகம். பச்சை என்றால் வனத்துறையின் தேசிய வனம், சுமார் 19.3 கோடி ஏக்கர். இந்த இரண்டுதான் உங்கள் களம். தேசியப் பூங்காக்களில் பெரும்பாலும் வேட்டை கூடாது. தேசிய வனவிலங்குப் புகலிடங்கள் பலவற்றில் உண்டு, ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனி விதி.

நீலத்தில்தான் ஏமாறுவீர்கள். அது மாநில அறக்கட்டளை நிலம். மேற்கு மாநிலங்கள் ஒன்றியத்தில் சேர்ந்தபோது பள்ளிக்கூடங்களுக்கு வருமானம் தருவதற்காக ஒவ்வொரு டவுன்ஷிப்பிலும் (ஆறு மைல் சதுர நில அளவைப் பகுதி) குறிப்பிட்ட சதுரங்கள் அவற்றுக்கு வழங்கப்பட்டன. பெயரில் அரசு இருந்தாலும் இது பொது நிலம் அல்ல; பணம் ஈட்ட வேண்டிய நிலம். மொன்டானாவில் பெரும்பாலும் திறந்திருக்கும். கொலராடோவில் வனவிலங்குத் துறை குத்தகைக்கு எடுத்துத் திறந்துவிட்ட துண்டுகளில் மட்டுமே கால் வைக்கலாம். நான் முதல் வருடம் நீலமும் அரசு நிலம்தானே என்று நினைத்து ஒரு காலைப் பொழுதுக்குத் திட்டம் போட்டிருந்தேன். முந்தின இரவு ஒரு நண்பர் வரைபடத்தைப் பார்த்துத் தடுத்திருக்காவிட்டால் அத்துமீறல் வழக்கில் போயிருக்கும்.

கைபேசி இல்லாமல் இப்போது யாரும் போவதில்லை. மொன்டானாவில் தொடங்கிய ஆன்எக்ஸ் போன்ற செயலிகள், நீங்கள் நிற்கும் இடம் யாருடையது என்று திரையில் காட்டிவிடும். வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். மலையில் சிக்னல் இருக்காது. இரண்டு எச்சரிக்கை. ஜிபிஎஸ் சில மீட்டர் பிசகும், அதனால் எல்லைக் கோட்டின் மேலேயே நடக்காதீர்கள். அடுத்து, சாலை தெரிகிறது என்பதற்காக அது பொதுச் சாலை ஆகிவிடாது. தேசிய வனத்துக்குள் எந்தச் சாலையில் வண்டி ஓட்டலாம் என்பதற்கு வனத்துறை தனியாக ஒரு மோட்டார் வாகன வரைபடம் வெளியிடுகிறது, இலவசம்.

நான்காவது படி: அங்கே போக வழி இருக்கிறதா?

நம் ஊர்ப் பத்திரங்களில் 'வழிநடைப் பாத்தியம், வண்டிப்பாதைப் பாத்தியம்' என்று ஒரு வரி இருக்கும். நடுவில் சிக்கிய வயலுக்கு அந்த வரி இல்லையென்றால் என்ன பாடு என்று கிராமத்தில் வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். அமெரிக்க மேற்கில் கோடிக்கணக்கான ஏக்கர் அரசு நிலத்துக்கே இந்தக் கதிதான். ஆன்எக்ஸும் தியோடர் ரூஸ்வெல்ட் பாதுகாப்புக் கூட்டமைப்பு என்ற வேட்டைக்காரர் அமைப்பும் 2018இல் கணக்கெடுத்தபோது, சுற்றிலும் தனியார் நிலம் இருப்பதால் பொதுமக்கள் சட்டப்படி நுழைய வழியே இல்லாத ஒன்றிய நிலம் மேற்கில் 95 லட்சம் ஏக்கர் என்று தெரியவந்தது. நீங்களும் நானும் வரி கட்டுகிற நிலம். அதற்குள் எல்க் மேயும். அங்கே வேட்டையாடுவது பக்கத்துப் பண்ணைக்காரரும், அவருக்குப் பணம் கொடுக்கிற விருந்தாளிகளும் மட்டுமே.

இதற்கு வேர் 1862இல் இருக்கிறது. பசிபிக் ரயில்பாதைச் சட்டத்தின்படி, பாதை போடும் கம்பெனிகளுக்கு அரசு நிலம் கொடுத்தது. பாதையின் இருபுறமும் ஒரு சதுர மைல், அதாவது 640 ஏக்கர் கொண்ட சதுரங்களாக வெட்டி, ஒன்று விட்டு ஒன்று கம்பெனிக்கு, மற்றவை அரசுக்கு. சதுரங்கப் பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். கறுப்புக் கட்டங்கள் அரசுடையவை, வெள்ளை தனியாருடையவை. ஒரு கறுப்புக் கட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால் மூலையோடு மூலை தொடுகிற அந்த ஒற்றைப் புள்ளியைத் தாண்டியாக வேண்டும். கால் இரண்டு பக்கமும் அரசு நிலத்தில்தான் இருக்கும். தோளும் இடுப்பும் மட்டும் நொடிப்பொழுது வெள்ளைக் கட்டங்களின் மேல் காற்றில் போகும். இது அத்துமீறலா? நூறு வருடத்துக்கு மேல் யாருக்கும் உறுதியாகத் தெரியவில்லை. 1979இல் லியோ ஷீப் கம்பெனி வழக்கில், இப்படிப்பட்ட மூலையின் குறுக்கே சாலை போட அரசுக்கு உரிமையில்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. நடந்து தாண்டுவது பற்றி எதுவும் தீரவில்லை.

தீர்த்துவைத்தது ஒரு ஏணி. 2021இல் மிசூரியிலிருந்து வந்த நான்கு வேட்டைக்காரர்கள், தெற்கு வயோமிங்கின் எல்க் மலையில், சுமார் 22,000 ஏக்கர் பண்ணைக்கு நடுவே கிடக்கும் அரசுக் கட்டங்களுக்குப் போக ஓர் இரும்பு ஏணியை மூலைக்கல்லின் மேல் நிறுத்தி இந்தப் பக்கம் ஏறி அந்தப் பக்கம் இறங்கினார்கள். தனியார் மண்ணில் ஒரு காலும் படவில்லை. அவர்கள் மேல் குற்ற வழக்கு வந்தது. 2022இல் ஜூரி விடுவித்தது. பண்ணையின் உரிமையாளர் தன் நிலத்தின் மதிப்பு குறைந்துவிட்டது என்று 70 லட்சம் டாலருக்கு மேல் கணக்குச் சொல்லி உரிமையியல் வழக்குப் போட்டார். 2023இல் மாவட்ட நீதிமன்றமும், 2025 மார்ச்சில் 10ஆவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றமும் வேட்டைக்காரர்கள் பக்கம் நின்றன. அதற்குக் கைகொடுத்தது 1885ஆம் ஆண்டின் சட்டவிரோத வேலியடைப்புச் சட்டம். அந்தக் காலத்து மாட்டுப் பண்ணை முதலாளிகள் பொது நிலத்தையும் சேர்த்து வளைத்து வேலி போட்டதைத் தடுக்க வந்த சட்டம் அது. 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இந்த வழக்கை எடுக்க மறுத்தது. தீர்ப்பு நின்றது.

இதில் உங்களுக்குப் பயன்படுவது இவ்வளவுதான். 10ஆவது வட்டம் என்ற அந்த நீதிமன்ற எல்லைக்குள் இருப்பவை வயோமிங், கொலராடோ, யூட்டா, நியூ மெக்சிகோ, கான்சஸ், ஓக்லஹோமா. அங்கே நடந்து போய், தனியார் மண்ணைத் தொடாமல், எதையும் சேதப்படுத்தாமல் மூலையைத் தாண்டுவதற்கு இந்தத் தீர்ப்பு துணை நிற்கும். எல்லைக்கல் எங்கே என்பதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்த பிறகுதான் தாண்ட வேண்டும். செயலியின் புள்ளியை மட்டும் நம்பக் கூடாது. மொன்டானா 9ஆவது வட்டத்தில் இருக்கிறது. அங்கே மூலை தாண்டுவது சட்டவிரோதம் என்றே மாநிலத் துறை சொல்லிவருகிறது. புதியவர் யாரும் முதல் வருடத்தில் மூலையைத் தேடிப் போக வேண்டாம் என்பது என் கருத்து. சாலையிலிருந்து நேராக இறங்கி நடக்கக்கூடிய பச்சையும் மஞ்சளும் ஏராளமாக இருக்கின்றன.

சாலையிலும் சிக்கல் வரும். ஒருமுறை வரைபடத்தில் கவுண்டி (நம் மாவட்டம் போன்றது) சாலை என்று இருந்த மண்பாதையின் குறுக்கே சங்கிலியும் 'அத்துமீறாதீர்' பலகையும் தொங்கின. வாக்குவாதம் செய்யவில்லை, சங்கிலியை அவிழ்க்கவும் இல்லை. படம் எடுத்துக்கொண்டு திரும்பி வந்து, கவுண்டி சாலைப் பிரிவில் பழைய பதிவேட்டைக் கேட்டேன். பொதுச் சாலைதான். அடுத்த பருவத்தில் சங்கிலி இல்லை. எல்லாப் பூட்டும் இப்படித் திறக்காது. மொன்டானாவின் கிரேசி மலைத்தொடரில் பழைய நடைபாதைகள் யாருக்குச் சொந்தம் என்று வருடக்கணக்கில் சண்டை நடந்திருக்கிறது. ஆனால் தொடங்க வேண்டிய இடம் பதிவேடு. இப்படிக் காகிதத்தில் தூங்கும் பாதை உரிமைகளை எல்லாம் மின்னணு வரைபடமாக்கச் சொல்லி 2022இல் ஒன்றிய சட்டம் ஒன்றும் வந்திருக்கிறது.

வயோமிங் போகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. ஒன்றிய அரசு 'வில்டர்னெஸ்' (சாலையில்லாமல் இயற்கையாகவே காக்கப்படும் நிலம்) என்று அறிவித்த பகுதிகளில் வெளிமாநிலத்தவர் பெரிய விலங்கு வேட்டைக்கு உரிமம் பெற்ற வழிகாட்டியோ உள்ளூர்வாசித் துணையோ இல்லாமல் போகக் கூடாது என்று மாநிலச் சட்டம் சொல்கிறது. கூடாரத்தோடு நடைபயணம் போகலாம், மீன் பிடிக்கலாம்; எல்க் மட்டும் தனியாகக் கூடாது. எனக்கு இது நியாயமாகப் படவில்லை. ஆனால் சட்டம் அதுதான்.

ஐந்தாவது படி: பொது நிலமே இல்லாத ஊரில் இருந்தால்

டாலஸ், ஹியூஸ்டன் பக்கம் இருப்பவர்கள் இதுவரை படித்துப் பெருமூச்சு விட்டிருப்பீர்கள். டெக்சஸில் 95 சதவீதத்துக்கு மேல் தனியார் நிலம். ஆனாலும் மாநிலத் துறை விற்கும் வருடாந்திரப் பொது வேட்டை அனுமதி ஒன்றை வாங்கினால், துறையின் நிலங்களிலும் அது குத்தகைக்கு எடுத்த நிலங்களிலும் நடந்து போய் வேட்டையாடலாம். கான்சஸ், நெப்ராஸ்கா, தெற்கு டகோட்டா மாநிலங்களில் விவசாயிக்குப் பணம் கொடுத்து அவர் நிலத்தை வேட்டைப் பருவத்துக்குத் திறந்துவைக்கும் திட்டங்கள் உண்டு. அப்படிப்பட்ட திட்டமான மொன்டானாவின் 'பிளாக் மேனேஜ்மென்ட்' 1985 முதல் நடக்கிறது.

நேரில் போய்க் கேட்பதையும் விட்டுவிடாதீர்கள். பருவம் தொடங்குவதற்கு ஒன்றிரண்டு மாதம் முன்பு, நல்ல சட்டை போட்டுக்கொண்டு, துப்பாக்கி இல்லாமல், மதிய வேளையில் போய்க் கதவைத் தட்டுங்கள். 'இல்லை' என்றால் நன்றி சொல்லிவிட்டு வாருங்கள். 'சரி' என்றால் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், பருவம் முடிந்ததும் பங்கு இறைச்சியோ ஒரு டப்பா முறுக்கோ கொண்டுபோய்க் கொடுங்கள். நம் நிறமும் பெயரும் பார்த்து ஒரு நிமிடம் தயங்குகிறவர்கள் உண்டு. வேலி கட்ட ஒரு சனிக்கிழமை கை கொடுத்தால் அந்தத் தயக்கம் போய்விடுவதையும் பார்த்திருக்கிறேன்.

ஆறாவது படி: அன்றைய நாள்

வண்டியைக் கதவுக்குக் குறுக்கே நிறுத்தாதீர்கள். கதவு திறந்திருந்தால் திறந்தபடி, மூடியிருந்தால் மூடியபடி விட்டுப் போங்கள். பொது நிலத்தில் மாடு மேய்க்கக் குத்தகை எடுத்தவர் உங்களைத் தடுக்க முடியாது. ஆனால் அவர் மாடு உங்களால் சாலைக்கு வந்தால் அவர் கோபம் நியாயமானது. கொலராடோவில் ரைஃபிள் பருவத்தில் 500 சதுர அங்குலம் பளிச் ஆரஞ்சோ இளஞ்சிவப்போ உடம்பில் இருக்க வேண்டும், தொப்பி உட்பட.

எல்லைக்கு அருகில் நிற்கும் விலங்கைச் சுடாதீர்கள். அடிபட்ட எல்க் வேலி தாண்டி விழுந்தால், கொலராடோவில் நில உரிமையாளர் அனுமதியில்லாமல் அதை எடுக்கப் போக முடியாது. அப்புறம் தூரம். ஓர் ஆண் எல்க் 300 கிலோ இருக்கும். எலும்பு நீக்கினாலும் முதுகில் நாலைந்து நடை சுமக்க வேண்டும். உண்ணத்தக்க இறைச்சியைக் காட்டில் விட்டுவிட்டு வருவது குற்றம். எனவே வண்டியிலிருந்து எவ்வளவு தூரம் சுமக்க முடியுமோ அந்த வட்டத்துக்குள்ளேயே வேட்டையாடுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு சமையல் யோசனை யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. கொலராடோவின் வறண்ட காற்றில் எல்க் உப்புக்கண்டம் போட்டுப் பாருங்கள்.

ஏழாவது படி: பருவம் முடிந்ததும் தொலைபேசியை எடுங்கள்

இந்த நிலம் தானாக நம்மிடம் இருக்கவில்லை. 1970களின் கடைசியிலேயே 'சேஜ்பிரஷ் கிளர்ச்சி' என்ற பெயரில், ஒன்றிய நிலத்தை மாநிலங்களிடம் ஒப்படைக்கச் சொல்லும் இயக்கம் எழுந்தது. அது இன்னும் அடங்கவில்லை. 2017இல் யூட்டாவின் நாடாளுமன்ற உறுப்பினர் ஜேசன் சாஃபெட்ஸ் 33 லட்சம் ஏக்கரை விற்கச் சொல்லி மசோதா கொண்டுவந்தார். வேட்டைக்காரர்கள் அவருடைய அலுவலகத்தைத் தொலைபேசியில் துளைத்தெடுத்த பிறகு சில நாள்களில் திரும்பப் பெற்றார். 2024இல் யூட்டா மாநிலமே 1.85 கோடி ஏக்கர் பி.எல்.எம். நிலத்தை ஒன்றிய அரசு வைத்திருக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2025 ஜனவரியில் நீதிமன்றம் எடுக்க மறுத்தது. அதே ஆண்டு ஜூனில் செனட்டர் மைக் லீ, பெரிய பட்ஜெட் மசோதாவுக்குள் 11 மாநிலங்களில் 22 முதல் 33 லட்சம் ஏக்கர் வரை விற்கும் பிரிவைச் சேர்க்கப் பார்த்தார். துப்பாக்கி உரிமைக்கு வாக்களிப்பவர்களும் காட்டைக் காக்க வாக்களிப்பவர்களும் ஒரே வாரத்தில் ஒரே எண்ணை அழைத்தார்கள். மேற்கு மாநிலங்களின் குடியரசுக் கட்சிக்காரர்களே எதிர்த்தார்கள். ஜூன் 28 அன்று அந்தப் பிரிவு போனது.

விற்கச் சொல்பவர்களின் வாதத்தையும் கேட்க வேண்டும். வீட்டு விலை எட்டாத உயரத்தில் இருக்கிறது, ஊர் விரிய இடமில்லை, முடிவுகள் தூரத்து வாஷிங்டனில் எடுக்கப்படுகின்றன என்கிறார்கள். நகரத்தை ஒட்டிய சிறு துண்டுகளை விற்கவும் மாற்றவும் ஏற்கெனவே வழி இருக்கிறது. அதை நான் எதிர்க்கவில்லை. மாநிலத்திடம் மொத்தமாகக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு நெவாடாவைப் பாருங்கள். ஒன்றியத்தில் சேர்ந்தபோது பெற்ற அறக்கட்டளை நிலத்தில் ஏறத்தாழ எல்லாவற்றையும் அது விற்றுவிட்டது. விற்ற நிலத்தில் வேலி வரும், அப்புறம் பூட்டு வரும்.

ஆகவே பருவம் முடிந்த குளிர்காலத்தில் மூன்று வேலை வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பகுதி பி.எல்.எம். அலுவலகத்தின் திட்ட அறிவிப்புகளைப் பாருங்கள். சாலை மூடல், நில மாற்று என எது வந்தாலும் கருத்துச் சொல்ல ஒரு கால அவகாசம் இருக்கும். குடிமகனாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை, விசாவில் இருப்பவரும் எழுதலாம். 'எதிர்க்கிறேன்' என்று ஒரு வரி எழுதினால் எடுபடாது. எந்தச் சாலை, எந்தக் கட்டம், நீங்கள் எந்த மாதம் அங்கே போனீர்கள் என்று எழுதுங்கள். அடுத்து, கடல் எண்ணெய் வருமானத்திலிருந்து ஆண்டுக்கு 90 கோடி டாலர் பெறும் நிலம், நீர்ப் பாதுகாப்பு நிதி இருக்கிறது. 2020 முதல் அந்தத் தொகை நிரந்தரம். அதில் ஒரு பங்கு, அடைபட்ட பொது நிலத்துக்கு வழி வாங்குவதற்கென்றே ஒதுக்கப்படுகிறது. வழியில்லாத துண்டு ஒன்றை நீங்கள் பார்த்திருந்தால் உள்ளூர் அலுவலகத்துக்கு எழுதிப் போடுங்கள். மூன்றாவது, 202-224-3121. நாடாளுமன்றத்தின் பொது எண் இது. உங்கள் செனட்டர் பெயரைச் சொன்னால் இணைப்பார்கள். எடுப்பவர் இருபத்திச் சொச்சம் வயதுப் பிள்ளையாக இருப்பார். அஞ்சல் குறியீட்டைக் கேட்டுவிட்டு, நீங்கள் சொல்வதைக் குறித்துக்கொள்வார். இரண்டு நிமிடம்தான் ஆகும். பேசி முடித்த கையோடு வயோமிங் எல்க் விண்ணப்பத்தையும் போட்டுவிடுங்கள், பிப்ரவரி தொடக்கத்தில் முடிந்துவிடும்.